பொழுதுபோக்கு கற்க அச்சுப் புத்தகமா, மின்னூலா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக ஒரு பொழுதுபோக்கைத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. அந்தப் புத்தகத்தை எங்கே இருந்துகொண்டு, எந்த நிலையில் இருக்கும் கையால் திறக்கப் போகிறீர்கள்? தேரூர் குளக்கரையில் பைனாகுலரோடு நிற்பவருக்கும், மொட்டை மாடியில் மண் கையோடு இருப்பவருக்கும், மடியில் நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே பதில் கிடையாது. காகிதத்தின் வாசம் பிடிக்கும் என்பதும், போன் இருந்தால் போதும் என்பதும் அவரவர் விருப்பம். கற்றுக்கொள்வதற்கு அந்த விருப்பத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, வேலையைப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் நிறையப் பேர் கைவைக்கும் மூன்று பொழுதுபோக்குகளை வைத்தே இதை விளக்குகிறேன்: பறவை பார்த்தல், வீட்டுத் தோட்டம், ஊசிநூல் வேலை. உங்களுடையது வேறாக இருந்தாலும் இந்தப் படிகள் பொருந்தும்.

முதல் படி: புத்தகம் எதற்காகத் திறக்கப்படும் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு பொழுதுபோக்குப் புத்தகத்தை நாம் மூன்று விதமாகப் பயன்படுத்துகிறோம். உட்கார்ந்து முதலிலிருந்து படிப்பது ஒன்று. சந்தேகம் வந்தபோது சட்டென்று ஒரு பக்கத்தைத் தேடிப் பார்ப்பது இன்னொன்று. திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே கையால் செய்வது மூன்றாவது. ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதி, உங்கள் பொழுதுபோக்கில் எது அதிகம் வரும் என்று குறித்துவிட்டால் பாதி முடிவு வந்துவிடும்.

உட்கார்ந்து படிப்பதற்கு அச்சுதான் கொஞ்சம் மேல். இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் பங்கெடுத்தவர்கள் 1,70,000-க்கும் மேல். தகவல் சார்ந்த உரைகளைத் திரையில் படித்தவர்களைவிடக் காகிதத்தில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தபோது வித்தியாசம் கூடியது. கதை படிப்பதில் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை. இந்த வித்தியாசம் பெரியது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கலையின் அடிப்படைகளை ஊன்றிப் படிக்கிற முதல் மாதங்களில் அந்தச் சின்ன வித்தியாசத்துக்கும் மதிப்பு உண்டு.

தேடிப் பார்ப்பதற்கு மின்னூல் வேகமானது. பார்த்துச் செய்வதற்கு எது சரி என்பது முழுக்க முழுக்க உங்கள் கையின் நிலையைப் பொறுத்தது. ஈரக் கைக்குத் தொடுதிரை பணியாது.

இரண்டாம் படி: காசு போடும் முன் இலவசமாகப் புரட்டுங்கள்

நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. ஊர்ப்பக்கங்களில் கிளை நூலகங்கள் இருக்கின்றன. ஒரு சிறு தொகை கட்டி உறுப்பினராகி, நீங்கள் தொடங்க நினைக்கும் பொழுதுபோக்கில் இரண்டு மூன்று நூல்களை எடுத்து வந்து புரட்டுங்கள். புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் போனால், வாங்காவிட்டாலும் ஒரே இடத்தில் பல நூல்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பேருந்திலோ ரயிலிலோ திருவனந்தபுரம் போய் வருவது நமக்குப் பெரிய பயணம் இல்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்குள்ள கடைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தோட்டம் பற்றிய மலையாள நூல்கள் நம் மேற்குப் பகுதித் தட்பவெப்பத்துக்கு நெருக்கமாகவே இருக்கும்.

மின்னூல் பக்கம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான பழைய தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் 2016-ன் கடைசியிலிருந்தே தமிழ் நூல்கள் விற்கப்படுகின்றன. பெரும்பாலும் முதல் சில பக்கங்களை மாதிரியாகக் காசில்லாமல் இறக்கிப் பார்க்கலாம்.

தமிழ் பிடிஎஃப் எதையும் நம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பக்கத்தில் கண்ணெதிரே தெரியும் ஒரு சொல்லைத் தேடல் பெட்டியில் தட்டுங்கள். 'இல்லை' என்று வந்தால், அது பக்கங்களைப் படம் பிடித்து அடுக்கிய கோப்பு, அல்லது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அமைந்தது. தேடல்தான் மின்னூலின் முதல் பலம். அது இல்லாத கோப்பு, புரட்டவும் வசதியில்லாத புத்தகமாகத்தான் இருக்கும்.

மூன்றாம் படி: கண் வெளியே இருக்கும் பொழுதுபோக்கு என்றால் (பறவை பார்த்தல்)

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பறவை பார்க்க நம் மாவட்டம்போல் வசதியான இடம் குறைவு. சுசீந்திரம் – தேரூர் ஈரநிலப் பகுதிக்கு 2022-ல் ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. கவிமணி பிறந்த அதே தேரூர்தான். மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் கழிமுகம், புத்தளம் பக்கத்து உப்பளங்கள் எல்லாம் ஒரே காலைப்பொழுதில் சுற்றி வரும் தூரத்தில் இருக்கின்றன. ஐப்பசி முதல் பங்குனி வரை வலசைப் பறவைகள் இருக்கும்.

தேரூரில் வயலை ஒட்டி வெள்ளையாக நாலு கொக்கு நிற்கிறது என்று வையுங்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு எல்லாம் 'வெள்ளைக் கொக்கு'தான். கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். அலகும் காலும் கருப்பாக இருந்து, சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது விரல்கள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் அது சின்னக் கொக்கு. மாட்டோடு கூடவே நடந்து பூச்சி பிடிப்பது உண்ணிக் கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு கலந்த பழுப்பாகிவிடும். மீதியுள்ள இரண்டும்தான் குழப்பும். பெரிய கொக்குக்கு வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும்.

இந்த நான்கையும் கற்க எது உதவும்? நாலு கொக்கும் ஒரே பக்கத்தில், ஒரே வாக்கில் நிற்பதுபோல் வரையப்பட்ட ஓவியத் தட்டு (முழுப்பக்க ஓவியம்) உள்ள அச்சு நூல். ஒளிப்படத்தில் ஒரு கொக்கு வெயிலில் நிற்கும், இன்னொன்று நிழலில் குனிந்திருக்கும். நிறமும் உருவமும் ஏமாற்றும். போன் திரையிலோ ஒரு நேரத்தில் ஒரு கொக்குதான் பெரிதாகத் தெரியும். அடுத்ததற்கு விரலால் தள்ளினால் முந்தையது மறைந்துவிடும். வேறுபாட்டைக் கற்பதற்கு இரண்டும் ஒருசேரக் கண் முன் இருக்க வேண்டும். அதனால் வீட்டில் படிக்க, ஓவியத் தட்டுகள் உள்ள ஓர் அச்சுக் கையேட்டை வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941-ல் முதலில் வந்தது. அன்று முதல் இன்று வரை இந்த வகைக் கையேடுகள் அடிப்படையில் அதே அமைப்பில் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

குரல் மட்டும் அச்சில் வராது. ஒரு கூவலை எழுத்தில் என்னதான் எழுதினாலும், கேட்காத காதுக்கு அது புரியாது. இங்கே போன்தான் ஆசிரியர். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசம். நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும், குரலைக் கேட்டுப் பெயரும் சொல்லும். கோப்பு பெரிது என்பதால் வீட்டு வைஃபையில் இறக்கிவிட்டுக் கிளம்புங்கள். கீரிப்பாறை, பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போனால் சிக்னல் வரும் போகும். அங்கே போய் இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் நடக்காது. செயலி சொல்லும் பெயரையும் அப்படியே குறித்துக்கொள்ளாதீர்கள். பறவையைக் கண்ணால் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தட்டில் ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். அப்படிச் செய்யும்போதுதான் அந்தப் பெயர் நம்முடையதாகிறது.

உப்பளத்தில் ஒரு சங்கடம் உண்டு. பத்து மணிக்கு மேல் வெள்ளை உப்பின் மேல் படும் வெயிலில் போன் திரையில் எதுவும் தெரியாது. மின்னூல் படிக்கவென்றே வரும் மின்மைத் திரை (இ-இங்க்) கருவிகள் வெயிலில் நன்றாகத் தெரியும். ஆனால் அவை பெரும்பாலும் கருப்பு வெள்ளை. பறவைக் கையேட்டுக்கு நிறம்தான் உயிர். ஆகவே வெளியே போகும்போது சட்டைப் பைக்குள் நுழையும் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் போதும். அலகு, கால், அளவு, என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். பெரிய புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும்.

நான்காம் படி: புத்தகம் நம் மண்ணுக்கு எழுதப்பட்டதா என்று பாருங்கள் (வீட்டுத் தோட்டம்)

தோட்டப் புத்தகத்தில் அச்சா மின்னூலா என்பது இரண்டாவது கேள்விதான். அது எந்த ஊர்த் தட்பவெப்பத்துக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தமிழகத்தின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிறது. நமக்கோ தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நம் நெல்லே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமாகத் தனிக் கணக்கில் போகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சென்னையையோ கோவையையோ மனதில் வைத்து எழுதிய அட்டவணையைத் திருவட்டாரில் அப்படியே பின்பற்றினால், சாரலில் தொட்டி ஊறி விதை அழுகும். அதே ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தோவாளைப் பக்கத்து மாடியில் இளநாற்றைச் சாய்த்துக் காயவைக்கும். ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வித்தியாசம்.

அதனால் தோட்டத்துக்கு, ஓரத்தில் தாராளமாக இடம் விட்ட அச்சு நூல் ஒன்றை எடுத்து, அதை நம்மூர்ப் புத்தகமாக மாற்றிக்கொள்ளுங்கள். 'வெண்டை: இங்கே மாசியில் போட்டது நன்றாக வந்தது', 'கத்தரி: ஆனியில் வேண்டாம்' என்று பென்சிலில் எழுதுங்கள். இரண்டு வருடம் எழுதினால், கடையில் கிடைக்கும் எந்த நூலையும்விட உங்கள் மாடிக்கு அது பொருந்தும். மின்னூலிலும் குறிப்பு எழுதலாம். ஆனால் விதைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குறிப்பைத் தேடித் திறக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பூச்சி, நோய் விஷயத்தில் மட்டும் போன் வெல்லும். இலையின் அடிப்பக்கத்தைப் படம் பிடித்துப் பெரிதாக்கி, திரையில் உள்ள படத்தோடு ஒப்பிட்டால் மாவுப்பூச்சியா அசுவினியா என்று அங்கேயே தெரிந்துவிடும். அச்சில் அந்தப் படம் கட்டைவிரல் நகம் அளவுக்கு, மங்கலாக இருக்கும்.

மண்ணோடு வேலை செய்யும்போது புத்தகத்தையும் போனையும் இரண்டையுமே மாடிக்கு ஏற்றாதீர்கள். அன்றைக்குத் தேவையான ஒரு பக்கத்தைக் கையால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: அளவு முக்கியம் என்றால் (ஊசிநூல் வேலை)

நாகர்கோவில் லேஸ் வேலைக்கு 200 ஆண்டுப் பாரம்பரியம் இருக்கிறது. 1820-களில் மிஷனரிக் குடும்பத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் இங்கே பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். இன்றும் பல வீடுகளில் பாட்டிமார் போட்ட லேஸ் பெட்டியில் இருக்கிறது. அதைப் பார்த்துக் குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை) கற்க நினைப்பவர்களுக்கு ஒரு முறை சொல்கிறேன்.

ஊசி எப்படி நூலுக்குள் போய்த் திரும்பி வருகிறது என்பதை வீடியோவில் பாருங்கள். அந்தக் கை அசைவை எந்தப் புத்தகமும் முழுதாகக் காட்டாது. அசைவு பழகியதும் வரைபடத்துக்கு அச்சுக்கு வந்துவிடுங்கள். முடித்த வரிசையை ஒரு ஸ்கேலால் மூடி, அடுத்த வரிசையை மட்டும் பார்த்தபடி போடலாம். திரை இரண்டு நிமிடத்தில் அணையும், எழுப்பினால் வேறு இடத்தில் நிற்கும், எண்ணிக்கை தப்பும். இடது கைக்காரர்களுக்கு மட்டும் மின்னூலில் ஒரு தனி வசதி இருக்கிறது: படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனிலேயே இடம் வலமாகத் திருப்பிக்கொள்ளலாம். ஆங்கில நூல் வாங்கினால் அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று முதல் பக்கங்களிலேயே பாருங்கள். அமெரிக்க நூலில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷ் நூல் டபுள் குரோஷே என்கிறது. தெரியாமல் போட்டால் மொத்த வேலையும் அளவு மாறிவிடும்.

ரவிக்கை வெட்டுவது மாதிரி வேலைகளுக்கு, உண்மையான அளவில் பேட்டர்ன் வேண்டும். பிடிஎஃப்பாக வாங்கினால் ஜெராக்ஸ் கடையில் ஒரு வார்த்தை சொல்ல மறக்காதீர்கள்: "அண்ணாச்சி, பேப்பருக்கு ஏத்த மாதிரி சுருக்க வேண்டாம், நூறு சதவீதத்துல அப்படியே எடுங்க." முதல் தாளை மட்டும் எடுக்கச் சொல்லி, அதில் சோதனைக் கட்டம் இருந்தால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 5 செ.மீ. என்று போட்டிருக்கும் கட்டம் 4.8 ஆக இருந்தால் மீதித் தாள்களை எடுக்க விடாதீர்கள். அந்த இரண்டு மில்லிமீட்டர் 90 செ.மீ. மார்புச் சுற்றளவுக்கு வரும்போது மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும்.

ஆறாம் படி: மின்னூல் என்று முடிவானால்

படம் குறைந்த, படிப்பதற்கான நூல் என்றால் ஈபப் வடிவம் வாங்குங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாகத் திரைக்கேற்ப மடங்கும். படமும் விளக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டிய நூல் என்றால் பிடிஎஃப்தான் சரி, ஏனென்றால் ஈபப்பில் படம் ஓரிடமும் விளக்கம் ஓரிடமுமாகப் போய்விடும். ஆனால் ஏ4 அளவுப் பிடிஎஃப்பைப் போனில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. டேப்லட் இல்லையென்றால் அந்த வகை நூலை அச்சிலேயே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, கடையில் வாங்கும் மின்னூல் பல நேரம் முழுச் சொந்தம் ஆவதில்லை; படிக்கும் உரிமைதான் கிடைக்கிறது. 2009-ல் உரிமைச் சிக்கல் வந்தபோது, விற்ற மின்னூல்களையே வாசகர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் நீக்கியது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியே மாற்றும் வசதியையும் நிறுத்திவிட்டது. இருபது வருடம் கூட வைத்திருக்க வேண்டிய நூலை இந்த வழியில் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. எந்தக் கருவியிலும் திறக்கும்படி பூட்டில்லாத கோப்பாக விற்கும் பதிப்பகங்களிடம் வாங்குங்கள், அல்லது அச்சில் வாங்குங்கள்.

ஏழாம் படி: அச்சு என்று முடிவானால்

கடையில் புத்தகத்தை நடுவில் திறந்து மேசையில் வையுங்கள். கையை எடுத்ததும் மூடிக்கொண்டால், பார்த்துச் செய்யும் வேலைக்கு அது ஆகாது. தையல் போட்டுக் கட்டியது விரிந்து நிற்கும். பசை மட்டும் போட்டது முதுகு உடைந்து தாளாக உதிரும். பின்னால், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லடைவு இல்லாத கையேட்டை நான் வாங்குவதில்லை.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்டேப்ளர் கம்பி அடித்த சிறு நூல்களில் கவனமாக இருங்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை பரவி, பிறகு தாளே அந்த இடத்தில் கிழியும். வாங்கியதும் கம்பியை எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடுவது நல்லது. நாலு தையல்தான்.

எட்டாம் படி: நம் ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

ஆனி, ஆடியில் ஒருமுறை, ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை என்று நம் வீட்டுச் சுவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை ஊறும். புத்தக அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள். இறுக்கமான பிளாஸ்டிக் அட்டை போட்டால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை வரும். காகித அட்டை போதும். தை, மாசியில் வெயில் நேரடியாகப் படாத திண்ணையில் ஒரு நாள் விரித்து வைத்தால், இராமபாணப் பூச்சி இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

மின்னூலுக்கும் நம்மூரில் ஆபத்து உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முக்கியமான கோப்புகளை மேகச் சேமிப்பில் (இணைய வழிச் சேமிப்பில்) மட்டும் வைக்காமல் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள்.

அச்சு நூலின் ஓரத்தில் நீங்கள் எழுதிய குறிப்புகளும் இதில் சேர்த்தி. நூல் போனால் இன்னொரு பிரதி வாங்கலாம், குறிப்பு போனால் வாங்க முடியாது. ஒவ்வொரு பருவம் முடியும்போதும் எழுதிய பக்கங்களைப் போனில் படம் பிடித்து, 'தோட்டம் 2025 கும்பப்பூ' என்பதுபோல் வருடமும் பருவமும் சேர்த்துப் பெயரிட்டு அதே பென்டிரைவில் போட்டுவிடுங்கள்.